ஏழாம் வீட்டுக் கூரை ஒரு சாண் எழுந்த வருஷம்

நரிக்கல் டிவிஷன் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயன் வரிசைக்குக் கதவு பத்து, அடுப்பு பத்து, சண்டை ஆயிரம், ஆனால் கூரை ஒன்றுதான். முதல் வீட்டில் தொடங்கிப் பத்தாம் வீட்டில் முடிகிற ஒரே நீளமான தகரக் கூரை அது. வீட்டுக்கு வீடு நடுவில் நிற்கிற சுவர்கள் அந்தத் தகரத்தைத் தொடாமல் ஒரு முழம் கீழேயே நின்றுவிடும் என்பதால், முதல் வீட்டில் ஒருவர் தும்மினால் நாலாம் வீட்டில் நூறாயுசு சொல்வார்கள், எட்டாம் வீட்டில் கருவாடு வறுத்தால் பத்து வீட்டிலும் சோறு கூட இறங்கும். என் வீடு ஆறாம் வீடு. என் பெயர் குழந்தைவேல். கவாத்து வெட்டுகிறவன், அதாவது தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடுகிற வேலை. இந்தக் கதையில் நான் நல்லவன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஏமாந்ததாகச் சொல்லக் கூடாது.

எங்கள் மலையில் மழையைவிடப் பனிதான் கூரைக்கு எமன். மழை வந்தால் சத்தம் போட்டுக்கொண்டு வரும், நாலு பாத்திரத்தை எடுத்து வைக்கலாம். உறைபனி சத்தமே இல்லாமல் வந்து ஆணித் துளையில் உட்காரும், வெயில் ஏறியதும் உருகி உள்ளே சொட்டும், சொட்டச் சொட்டத் துரு ஏறும், துரு ஏற ஏறத் துளை அகலும், அகன்ற துளையில் மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பனி உட்காரும், இப்படியே போனால் தை மாதக் காற்றில் தகரம் ஆணியை விட்டுவிட்டுத் தேயிலைக்குள் பறந்து போகும். அதனால் ஒவ்வொரு வருஷமும் புரட்டாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயனில் ஆணி ஞாயிறு. அன்றைக்குப் பத்து வீட்டுக் கதவும் ஜன்னலும் ஒரே நேரத்தில் சாத்தப்படும், பட்டப்பகலில் லயன் முழுக்க இருட்டாகும், அந்த இருட்டில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண் கையில் குச்சியோடு அண்ணாந்து நிற்பாள், ஒவ்வொரு வீட்டுக்கு மேலேயும் அவளுடைய புருஷன் தார் டப்பாவும் துணித் துண்டுகளுமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பான்.

மேலே இருக்கிறவனுக்குத் துளை தெரியாது. உள்ளே இருக்கிறவளுக்குத்தான் தெரியும், ஊசிமுனை அளவு வெளிச்சமாக. அவள் குச்சியால் அந்த இடத்தில் இரண்டு தட்டு தட்டுவாள், ‘இங்கே’ என்று அர்த்தம். அவன் சத்தம் வந்த இடத்து ஆணியைச் சுற்றித் தார்த் துணியை அழுத்துவான். வெளிச்சம் அடைபட்டால் ஒரு தட்டு. எல்லாம் முடிந்தால் மூன்று தட்டு, ‘டீ போட்டாச்சு, இறங்கி வா’ என்று. பேச மாட்டார்கள். முந்தின நாள் அடித்துக்கொண்டவர்கள்கூட அன்றைக்குத் தட்டுவார்கள், கேட்பார்கள், அடைப்பார்கள். எந்தத் தட்டு எந்த வீட்டுத் தட்டு என்று லயனுக்கே தெரியும். என் மனைவி இந்திராணி தட்டினால் கதவை இடிப்பது மாதிரி இருக்கும். ஏழாம் வீட்டு மங்களேஸ்வரி தட்டினால் ஒரு தட்டுக்கும் மறு தட்டுக்கும் நடுவில் மூச்சு விடுகிற நேரம் இருக்கும்.

மங்களேஸ்வரியின் புருஷன் வடமலை, எஸ்டேட் ஃபேக்டரியில் பாய்லர் ஓட்டியவர். கூரை எழுந்ததற்கு இரண்டு வருஷம் முன்னால் ஆவணி மாதம் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரே மகள் தர்ஷினி திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கிறாள். வீடு வடமலை பேரில் கொடுத்த வீடு, மங்களக்காவோ தினக்கூலிக்குக் கொழுந்து பறிக்கிறவள். சட்டப்படி அவள் வெளியே போயிருக்க வேண்டும். எஸ்டேட் மேனேஜரான துரை பெரிய மனசு பண்ணி, “அந்த வீட்டால கம்பெனிக்கு ஒரு செலவும் வராத வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்” என்றார். அதனால் அந்த வீட்டில் எது உடைந்தாலும் அவள் வாய் திறக்கவில்லை. நாற்பத்தேழு வயசில் ஒரு மனுஷி, ஒழுகுகிற இடமெல்லாம் பாத்திரம் வைத்து, பாத்திரத்தின் அடியில் துணி போட்டு, சொட்டுகிற சத்தம்கூட எங்களுக்குக் கேட்காமல் பார்த்துக்கொண்டாள்.

அவள் வீட்டு ஆணியை யாராவது பார்த்துக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் ஆணி பார்ப்பது என்பது எங்கள் லயனில் புருஷன் பெண்டாட்டி வேலை. கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, இருட்டில், தனியாக ஒருத்தி தட்ட, அதைக் காது கொடுத்து இன்னொருத்தி புருஷன் மேலே உட்கார்ந்து கேட்பதா? முதல் வருஷமே இந்தப் பேச்சு வந்தது. இரண்டாம் வீட்டுக் கருப்பண்ணன், எல்லாம் தெரிந்தவன், யார் வீட்டு விஷயத்திலும் முதலில் மூக்கை நுழைப்பவன், “நாளைக்கு ஒரு பேச்சு வந்துரும், அந்தப் பொம்பளைக்குத்தான் கேவலம்” என்று அவளுக்காகவே கவலைப்படுவது மாதிரி சொன்னான். எல்லோரும் தலையை ஆட்டினோம். நானும் ஆட்டினேன்.

மூன்றாம் வருஷம் ஆணி ஞாயிறு முடிந்த மறுநாள் திங்கட்கிழமை காலையில், பிரட்டுக்குப் போகிற நேரம், அதாவது பெயர் கொடுக்கப் போகிற நேரம், ஏழாம் வீட்டுக் கூரை சுவரை விட்டு ஒரு சாண் எழுந்து நின்றது.

காற்று இல்லை, மழை இல்லை, ஒரு சத்தமும் இல்லை. முன்சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு சாண் வானம் தெரிந்தது, அவ்வளவுதான். தகரம் எதன் மேலும் நிற்கவில்லை. தன் மர உத்திரத்தோடு எழுந்து, இரண்டு பக்கமும் ஆறாம் வீட்டுத் தகரத்தையும் எட்டாம் வீட்டுத் தகரத்தையும் லேசாக இழுத்துக்கொண்டு, எழுந்தது எழுந்தபடியே இருந்தது. மங்களக்கா தலைத்துணியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தவள் மேலே ஒருமுறை பார்த்தாள், எங்களை ஒருமுறை பார்த்தாள், “நானா எதுவும் செய்யல” என்றாள். பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டதால் எல்லோரும் போய்விட்டோம்.

சாயங்காலம் வந்து கருப்பண்ணன் யோசனை சொன்னான், கல் ஏற்றலாம் என்று. காற்றுக்குப் பறக்காமல் கூரைமேல் கல் வைப்பது எங்கள் ஊரில் உள்ளதுதான். ஆளுக்கொரு கல், ஆளுக்கொரு மண் மூட்டை, பழைய டயர், தேய்ந்துபோன ஆட்டுக்கல் ஒன்று என்று நீளக் கழியால் தள்ளித் தள்ளி ஏற்றினோம். கூரை அத்தனையையும் சுமந்துகொண்டு மறுநாள் இன்னும் இரண்டு விரற்கடை மேலே போயிருந்தது. ஆசாரி வந்தான், எங்களை வேலை வாங்குகிற மேஸ்திரி கொடுத்தனுப்பிய காகிதத்தில் சேதத்துக்குக் காரணம் மழையா, காற்றா, மரமா என்று மூன்று கட்டம் இருந்தது, ஆசாரி ரொம்ப நேரம் காதில் பென்சிலைச் சொருகி யோசித்துவிட்டுக் காற்று என்ற கட்டத்தில் கோடு போட்டான். கோவில் பூசாரி எலுமிச்சம்பழம் சுற்றி அறுத்தார். குழந்தைகள் சுவருக்கு மேலே இருந்த அந்தச் சந்தின் வழியாகப் பந்து எறிந்து பின்பக்கம் ஓடிப் போய்ப் பிடித்தார்கள். தபால்காரர் கதவைத் தட்டுகிற வேலை மிச்சம் என்று தர்ஷினியின் கடிதத்தை மேலே எக்கிப் போட்டுவிட்டுப் போனார். ஒரு வாரத்துக்குள் ‘கூரை எழுந்த வீட்டுக்கு அந்தப் பக்கம்’ என்று வெளியூர்க்காரருக்கு வழி சொல்லவும் பழகிவிட்டோம்.

பழகாத விஷயம் குளிர். சந்து வழியாக மூடுபனி அவள் வீட்டுக்குள் இறங்கியது, நடுச்சுவர்களுக்கு மேலாக எங்கள் வீடுகளுக்கும் வந்தது. அவள் சாக்குப் பைகளைச் சுருட்டிச் சந்தில் அடைத்தாள். மறுநாள் சந்து சாக்கைவிடப் பெரிதாக இருந்தது. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அடுப்போரமாகவே படுத்தாள். இதற்குள் என் வீட்டுப் பக்கம் நாலு ஆணி பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. கூரை ஒன்றுதான் என்பது அப்போதுதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது. மேஸ்திரி துரையிடம் சொன்னார், துரை பதில் அனுப்பினார்: கார்த்திகை பிறந்து காற்று எழும்புவதற்குள் கூரை இறங்கியிருக்க வேண்டும், இறங்காவிட்டால் அந்த வீட்டுத் தகரத்தைக் கழற்றிவிட்டு வீட்டைப் பூட்ட வேண்டும், அந்தம்மா மகளிடம் போகட்டும்.

மகளிடம் எங்கே போவது? தர்ஷினி ஆறு பெண்களோடு ஓர் அறையில் இருக்கிறாள், அம்மாவுக்கு அங்கே பாய் விரிக்க இடமில்லை. அதைவிட, மங்களக்காவுக்குப் போக மனசில்லை. வடமலை கட்டிய அடுப்பு அங்கே இருந்தது, வடமலை கரியால் எழுதிய பாய்லர் கணக்கு சுவரில் இருந்தது, அவர் எப்போதும் உட்காருகிற இடத்தில் தரை கொஞ்சம் வழவழப்பாகவே இருந்தது. “நான் யாருக்கும் தொந்தரவு குடுக்க மாட்டேன்னு மேஸ்திரிகிட்ட சொல்லுங்க தம்பி” என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். கூரையைத் தன் பிள்ளை செய்த குற்றம் மாதிரி அவள் பேசியதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

கூரை எதற்கு இறங்கும் என்பதை இந்திராணிதான் கண்டுபிடித்தாள், அதுவும் தெரியாமல். மங்களக்காவிடம் இரவல் வாங்கிய முறத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனவள், வாசலிலேயே நின்று பேசிவிட்டு வருகிறவள், அன்றைக்கு என்னமோ உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். என்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறாள். நான் கல்யாணத்துக்கு வாங்கிய செருப்பை இன்னும் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பதைச் சொன்னாளாம், மங்களக்கா வாய்விட்டுச் சிரித்தாளாம். அந்த நேரம் நான் வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது, மேலே தகரம் கிறீச்சென்றது, நிமிர்ந்து பார்த்தால் ஒரு சாணுக்கு மேல் இருந்த சந்து நாலு விரற்கடையாகக் குறைந்திருந்தது. இந்திராணி வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் அது மறுபடி ஏறிக்கொண்டது.

விஷயம் தெரிந்ததும் லயன் கூடிப் பேசி ஒரு முறை வைத்தது. எங்களுக்கு எதற்கும் முறை வைக்கத் தெரியும். தண்ணீர் பிடிக்க முறை, கழிப்பறை கழுவ முறை, கோவிலுக்கு எண்ணெய் ஊற்ற முறை. ஏழாம் வீடு போக மிச்சம் ஒன்பது. ஒன்பது வீட்டுப் பெண்களும் சாயங்காலம் ஆளுக்கொரு நாள் அங்கே போய் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும் என்று கருப்பண்ணன் ஒரு காகிதத்தில் எழுதி, ‘கூரை முறை’ என்று தலைப்புப் போட்டு, குழாயடிச் சுவரில் ஒட்டினான்.

முதல் வாரம் கூரை நன்றாக இறங்கியது. பெண்கள் பீன்ஸ் நறுக்க எடுத்துக்கொண்டு போனார்கள், கிழிந்த சட்டையைத் தைக்க எடுத்துக்கொண்டு போனார்கள். மங்களக்கா ஒவ்வொருத்திக்கும் டீ போட்டாள், ஒவ்வொருத்திக்கும் பாய் உதறிப் போட்டாள், மூன்று வருஷமாகப் பேசாத பேச்செல்லாம் சேர்த்துப் பேசினாள். கூரை இரண்டு விரற்கடைக்கு வந்தது, ஒரு நாள் ஒரு விரற்கடைக்கே வந்துவிட்டது, நாங்கள் குழாயடியில் ஒருவரை ஒருவர் தட்டிக் கொடுத்துக்கொண்டோம்.

இரண்டாம் வாரம் அலுப்புத் தட்டியது. பத்தாம் வீட்டுக்காரி ஃபோனில் சீரியல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் வீட்டுக்காரி கூரை எவ்வளவு இறங்கியது என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். கருப்பண்ணன் மனைவி, தலைவலி என்று சொல்லித் தன் முறையை மாற்றிக்கொண்டாள், மாற்றிக்கொண்ட முறைக்கும் வரவில்லை. மூன்றாம் வாரம், ஆள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே கூரை ஏறத் தொடங்கியது.

குழாயடியில் இதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டார்கள். “பொழுதன்னைக்கும் போயி ஒக்காந்தாச்சு, இனி என்னதான் செய்யிறது? அவங்க வீட்டுக் கூரைக்கு மரியாதையே தெரியல” என்றாள் மூன்றாம் வீட்டுக்காரி. மங்களக்கா குடத்தோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை, அன்றைக்கும் உயர்த்தவில்லை.

“நீங்க வந்தா மேலதான் பாக்குறீங்க புள்ள. ஒருத்தியாச்சும் என் மொகத்தப் பாத்தீங்களா?” என்றாள். “முறைன்னு வர வேணாம். டீத்தூளும் தீந்துருச்சு.”

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அன்று சாயங்காலம் முறைக்காரி போய்த் தட்டியபோது கதவு திறக்கவில்லை. மறுநாள் காலையில் கூரை இரண்டு சாண் எழுந்திருந்தது. என் வீட்டு உத்திரம் முறுக்கிக்கொண்டது, எட்டாம் வீட்டுத் தகரத்தில் கை நீளத்துக்கு விரிசல் விட்டது. அவள் டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்கிற சத்தம் சுவருக்கு மேலாக எனக்குக் கேட்டது. துரை சொன்ன கெடுவுக்கு ஒரு ஞாயிறுதான் பாக்கி. திங்கட்கிழமை ஆட்கள் தகரம் கழற்ற வருவதாக மேஸ்திரி சொல்லிவிட்டுப் போனார். வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு என்று ரேடியோவும் சொன்னது.

அந்த ஞாயிறு காலை, இந்திராணி அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தபோது, நான் அவளிடம் ஒரு விஷயம் சொன்னேன். மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாதது.

“ஆணி ஞாயித்துக்கெழம நான் மேல இருக்கும்போது, ஏழாம் வீட்டுலேர்ந்து தட்டுற சத்தம் கேட்டுச்சு” என்றேன்.

அவள் ஊதுவதை நிறுத்தினாள்.

“ரெண்டு ரெண்டாத் தட்டிச்சு. ‘இங்கே’ன்னு. நான் கைக்கெட்டுற தூரத்துலதான் ஒக்காந்திருந்தேன். தார் டப்பா கையிலதான் இருந்துச்சு. எலின்னு நெனச்சேன். எலின்னு நெனச்சுக்கிட்டேன். அடுத்த வருஷமும் தட்டிச்சு, இந்த வருஷமும். இந்த வருஷம் ரொம்ப நேரம்.”

“எனக்கும் கேட்டுச்சு” என்றாள் இந்திராணி. “மூணு வருஷமும்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. எங்களுக்குக் கேட்டதென்றால் எட்டாம் வீட்டுக்கும் கேட்டிருக்கும், பத்தாம் வீட்டுக்கும் கேட்டிருக்கும், கருப்பண்ணனுக்குக் கேட்காமல் இருந்திருக்கவே முடியாது. கதவெல்லாம் சாத்திய இருட்டில் ஒருத்தி தனியாக நின்றுகொண்டு, மேலே ஆள் இல்லாத கூரையைப் பார்த்து, இங்கே, இங்கே, இங்கே என்று தட்டியிருக்கிறாள். மற்ற ஒன்பது வீடும் அதைக் கேட்டுக்கொண்டு, தன் தன் ஆணியை அடைத்துக்கொண்டு, டீ குடிக்க இறங்கியிருக்கிறது. எனக்கு அன்றைக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

இந்திராணி ஊதாங்குழலைக் கீழே வைத்தாள். “நீ மேல ஏறு. நான் அந்த அக்காகூட உள்ள நிக்கிறேன். அப்புறம் யாரு என்ன பேசுவான்னு பாக்குறேன்” என்றாள்.

அவ்வளவுதான். அவ்வளவு சுலபமான விஷயம். ஒருத்தன் மேலே ஏற, அவன் பெண்டாட்டி துணைக்கு உள்ளே நிற்க வேண்டும். மூன்று வருஷமாக இது ஒருத்தருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றாத மாதிரி இருந்துகொண்டோம்.

தாரைக் காய்ச்சி டப்பாவில் ஊற்றிக்கொண்டு என் வீட்டுக் கூரையில் ஏறி, அங்கிருந்து ஏழாம் வீட்டுத் தகரத்துக்குக் காலைத் தூக்கி வைத்தேன். படி ஏறுவது மாதிரி இரண்டு சாண் ஏற வேண்டியிருந்தது. மேலே நின்றால் ஊஞ்சல் பலகையில் நிற்பது மாதிரி ஆடியது. நாங்கள் ஏற்றிய கல்லும் டயரும் ஆட்டுக்கல்லும் ஒரு பக்கமாகச் சேர்ந்து கிடந்தன. கீழே இந்திராணி கதவைத் தட்டி என்னவோ சொல்வதும், கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகுவதும் கேட்டது. எழும்பிய சந்து முழுக்கச் சாக்கும் போர்வையும் அடைத்தார்கள் போலிருக்கிறது. பிறகு மற்ற வீட்டுக் கதவுகளும் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகிற சத்தம் கேட்டது. யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே சாத்தினார்கள். புரட்டாசியில் வர வேண்டிய இருட்டு ஐப்பசிக் கடைசியில் லயனுக்குள் வந்தது.

நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காத்திருந்தேன். தட்டு வரவில்லை. காற்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தது, சவுக்கு மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன, கூரை என்னையும் தூக்கிக்கொண்டு இன்னொரு விரற்கடை ஏறியது.

“என்ன புள்ள, தட்டச் சொல்லு!” என்று கத்தினேன்.

“கொஞ்சம் பொறு, அழுவுறாங்க” என்று இந்திராணியின் குரல் வந்தது. பிறகு, எனக்காக இல்லாமல் தனக்குத்தானே சொல்வது மாதிரி, “எத்தன ஓட்ட! இம்புட்டு ஓட்டையோட எப்படிக்கா இருந்தீங்க” என்றாள்.

அதற்கு என்ன பதில் வந்தது என்று எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, என் இடது காலுக்குப் பக்கத்தில், தட்டு வந்தது. ஒன்று, மூச்சு விடுகிற நேரம், இன்னொன்று. நான் அந்த ஆணியைச் சுற்றித் துணியை வைத்துத் தாரை அழுத்தினேன். கீழேயிருந்து ஒரு தட்டு. தகரம் கிறீச்சென்று ஓர் அரை விரற்கடை இறங்கியது.

அப்புறம் நிற்கவில்லை. இங்கே என்றாள், அடைத்தேன். இங்கே என்றாள், அடைத்தேன். மூன்று வருஷத்துப் பனி தின்ற துளைகள், மூன்று வருஷத்து மழை அகட்டிய துளைகள், முகட்டில் ஐந்து, ஓரத்தில் ஒரு வரிசை, அடுப்புக்கு மேலே புகை அரித்த பெரிய ஓட்டை ஒன்று, அதற்குத் தகரத் துண்டே வைத்து அடிக்க வேண்டியிருந்தது. தார் தீர்ந்ததும் எட்டாம் வீட்டுக்காரன் தன் டப்பாவைக் கழியில் மாட்டி நீட்டினான். என் விரல்கள் தாரில் வெந்து குளிரில் மரத்தன. ஒவ்வொரு வெளிச்சம் அணையும்போதும் கூரை கொஞ்சம் இறங்கியது, மத்தியானத்துக்குள் ஒரு சாண், வெயில் சாய்வதற்குள் இரண்டு விரற்கடை, பிறகு ஒரு விரற்கடை, அந்த ஒரு விரற்கடையில் வந்து நின்றுவிட்டது.

நான் காத்திருந்தேன். துளை எதுவும் பாக்கி இல்லை போலிருந்தது. அப்போது, ஓரத்தில், வடமலை வழக்கமாக ஏணி சாத்தி இறங்குகிற மூலைக்குக் கீழே, மூன்று தட்டு கேட்டது.

டீ போட்டாச்சு, இறங்கி வா.

அது எனக்கான தட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். கை பழக்கத்தில் தட்டினாளா, தெரிந்தே தட்டினாளா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. நான் அசையவில்லை. நான் எழுந்து நடந்தால் தகரம் சத்தம் போடும், மேலே ஓர் ஆள் இறங்கி வருகிற சத்தம் அவளுக்குக் கேட்கும், அது வேறொருவருடைய காலடி என்று அவள் மறுபடியும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். அதனால் தார் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மூச்சைக்கூட மெதுவாக விட்டு உட்கார்ந்திருந்தேன். லயன் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. எலி என்று யாரும் சொல்லவில்லை. ரொம்ப நேரத்துக்குப் பிறகு உள்ளே ஒரு பெருமூச்சு மாதிரி என்னவோ எழுந்தது, கூரை அந்தக் கடைசி ஒரு விரற்கடையும் இறங்கிச் சுவர்மேல் உட்கார்ந்தது, பானையை மூடுகிற சத்தம்தான் வந்தது.

நான் என் வீட்டு வழியாக இறங்கிச் சுற்றிக்கொண்டு வாசல் பக்கமாகப் போனேன். மங்களக்காவின் கண் வீங்கியிருந்தது. “தம்பி கையெல்லாம் புண்ணாப் போச்சே” என்று தேங்காய் எண்ணெய் கொடுத்தாள். டீத்தூள் எங்கள் வீட்டிலிருந்து போனது, சர்க்கரை எட்டாம் வீட்டிலிருந்து வந்தது. அன்று ராத்திரி அடித்த காற்றில் ஃபேக்டரிக் கொட்டகையே சாய்ந்தது, எங்கள் கூரையில் ஓர் ஆணி அசையவில்லை.

திங்கட்கிழமை தகரம் கழற்ற ஆட்களோடு துரையே வந்தார். இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பத்து வீட்டுக் கூரையையும் பார்த்தார். “எது ஏறியிருந்தது?” என்று கேட்டார். மேஸ்திரி காட்டினார். “காத்து” என்று சொல்லிக் காகிதத்தையும் காட்டினார். துரை கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். ஏழாம் வீட்டுச் சாவி மங்களக்காவிடமே இருந்தது, டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில் திரும்பிப் போனது. அடுத்த வாரம் முதல் உறைபனி விழுந்தபோது பத்து வீட்டுக் கூரையும் ஒரே மாதிரி வெள்ளையாக இருந்தது.

கதையை இங்கேயே முடித்தால் எங்களுக்கு நல்ல பெயர்தான். கூரை இறங்கிவிட்டதால் குழாயடியில் ஒட்டிய காகிதத்தை யாரும் புதுப்பிக்கவில்லை, மழையில் ஊறி ஒரு நாள் உதிர்ந்துபோனது. யாரும் கெட்டவர்கள் இல்லை. காலையில் பிரட்டு, சாயங்காலம் அடுப்பு, பிள்ளைக்குக் காய்ச்சல், தங்கச்சி கல்யாணம், இப்படியே நாள் போகிறது. வருஷா வருஷம் ஆணி ஞாயிறு அன்று நான் மங்களக்கா கூரையில் ஏறுகிறேன், இந்திராணி உள்ளே நிற்கிறாள், அது தவறுவதில்லை. மிச்ச முந்நூற்றுச் சொச்ச நாளும் அவள் தனியாகத்தான் இருக்கிறாள்.

சில சாயங்காலங்களில், வேலை விட்டு வந்து முகம் கழுவுகிற நேரம், சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று தட்டு கேட்கும். மேலே யாரும் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இந்திராணி என்னைப் பார்ப்பாள், நான் அவளைப் பார்ப்பேன். சில நாள் எழுந்து போவோம், போய் உட்கார்ந்து என் செருப்பைப் பற்றிப் பேசிச் சிரித்துவிட்டு வருவோம். சில நாள் அலுப்பாக இருக்கும், நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிடுவோம். அப்படி இருந்துவிட்ட நாளுக்கு மறுநாள் காலையில் ஏழாம் வீட்டை ஒட்டி என் கூரையில் ஓர் ஆணி அரை விரற்கடை மேலே எழும்பியிருக்கும். நான் ஏணியைச் சாத்தி, அவள் எழுந்திருப்பதற்குள், சத்தம் வராமல் சுத்தியலில் துணியைச் சுற்றி அதை அடித்து இறக்கிவிட்டு வேலைக்குப் போகிறேன்.